செல்லி நடக்கிற தரை

புதூர்நாட்டுப் பக்கம் மூன்று ஏக்கரில் சாமை விதைத்து, புளி உலுக்கி, ஒரே மகளைக் கரை சேர்த்தவர் கருப்பன். அறுபத்திரண்டு வயதுவரை ஒரு துண்டைக்கூடத் துவைத்தறியாத மனுஷன். பக்கவாதம் வந்து மனைவி செல்லிக்கு இடது கையும் காலும் விழுந்த பிறகுதான் சோப்பைத் தொட்டார். நாளுக்கு நாலு போர்வை நனைந்தது. முகம் சுளிக்காமல் அலசிப் போட்டார். அதைப் பார்த்துப் பொறுக்காமல் மகள் கலைவாணி திருப்பத்தூரிலிருந்து ஒரு வாஷிங் மெஷினை ஜீப்பில் ஏற்றி அனுப்பினாள்.

துணி வெளுத்தது, தரை கெட்டது. மெஷின் ஓடும்போதெல்லாம் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து நடை முழுக்கப் பரவியது. பின்கட்டுக் கழிவறைக்குச் செல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்துப் போகிற வழி அது. ஒரு தரம் வழுக்கியே விட்டாள். நல்ல வேளை, கருப்பன் தாங்கிப் பிடித்தார்.

விஷயம் தெரிந்ததும் கலைவாணி போன் போட்டாள். “ஞாயித்துக்கெழம வர்றேம்பா. தர ஈரமா இருந்துச்சுன்னா அம்மாவக் கூட்டினு போய்டுவேன். வுழுந்து இடுப்பு ஒடஞ்சா இன்னா பண்ணுவ?”

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் கருப்பனைத் தூங்கவிடவில்லை. செல்லி இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தண்ணீர் ஓடினால் வரப்புப் போடு என்பதுதானே காட்டுக்காரன் புத்தி. மெஷினைச் சுற்றிச் சாண் உயரத்துக்கு சிமெண்டுக் கரை கட்டி, மூலையில் மடை வைத்து வெளியே திருப்பினார். தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டது, செல்லியின் கால் கேட்கவில்லை. கரையில் பெருவிரல் இடித்து மெஷின் மேலேயே சாய்ந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான், போங்கள். காயாத கரையை அன்றைக்கே கடப்பாரையால் பெயர்த்தார்.

“நான் அவகூடப் போய்ட்றேன்யா. நீயும் எத்தினிதான் பாப்ப?” என்றாள் செல்லி.

“நீ போய்ட்டா நான் யாரத் திட்றது?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை மெஷினுக்குத் தண்ணீர் வருகிற குழாய்க்கு டேப் சுற்றினார். மெஷின் ஆடாமலிருக்கக் காலுக்குக் கல் வைத்தார். அப்போதும் ஒழுகியது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த செல்லிக்குப் பொறுமை போய்விட்டது.

“தண்ணி உள்ள போறப்ப ஒழுவுல. வெளிய போறப்பத்தான் ஒழுவுது. கொழாய இன்னாத்துக்கு நோண்டற?”

கருப்பன் சுவிட்சை அணைத்து மெஷினை இழுத்தார். பின்னால், அழுக்குத் தண்ணீர் போகிற பைப்பின் நுனிப்பக்கம் எலி கடித்த ஓட்டை. எலி ஏன் வராது? பக்கத்திலேயே சாமை மூட்டையை அடுக்கி வைத்த புண்ணியவான் அவர்தானே. கடித்த இடத்தை வெட்டியெறிந்தார். பைப்பின் நீளம் குறைந்ததால் மெஷினைச் சுவரோரம் நகர்த்தி, பைப்பைச் சுவரிலிருந்த துளை வழியே வெளியே விட்டுக் கம்பியால் கட்டினார். மூட்டைகளை ஒவ்வொன்றாய் உள் அறைக்குச் சுமந்தார். இரண்டு தரம் துவைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

ஞாயிறன்று கலைவாணி பெரிய காலிப் பையோடு வந்து இறங்கினாள். மெஷின் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி, வெறுங்காலோடு நடையை முழுக்க நடந்து பார்த்தாள். குனிந்து மெஷின் அடியில் உள்ளங்கையால் தடவினாள். அதற்குள் செல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மகள் கை நீட்டினாள்.

“வுடுடி, நானே போறேன்.”

போனாள். காலை இழுத்து இழுத்து, யார் துணையும் இல்லாமல் திரும்பியும் வந்தாள்.

“இம்மாம் பெரிய பைய இன்னாத்துக்குடி தூக்கினு வந்த?”

கலைவாணி பையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். “சாமை எடுத்துனு போவத்தாம்மா,” என்றாள்.

அளந்து போடப் படியைத் தேடி உள்ளே போன கருப்பனுக்கு, கண் நிறைந்து, எதிரில் இருந்த படி தெரியவில்லை.