டவாலி வீட்டில் அடிப்படை உரிமை

நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுகிற டவாலிக்கு அப்படியொரு குரல். வாசலில் நின்று அவர் ஒரு பெயரைச் சொன்னால், எதிர்ச்சாரியில் டீ குடித்துக்கொண்டிருக்கும் சம்பந்தமில்லாத ஆள்கூட எழுந்து நின்றுவிடுவார். மூன்று தடவை கூப்பிடுவார். அதற்கும் ஆள் வரவில்லையென்றால், வந்தவர் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

வக்கீல்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அரசியலமைப்புச் சட்டம் அவர் காதிலேயே குடியேறிவிட்டது. அதை அங்கேயே விட்டிருந்தால் வம்பில்லை. மனுஷன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சட்டத்தின் முன் எல்லாரும் சமம், நாட்டுக்குள் எங்கே போயும் பிழைக்கலாம், காரணம் சொல்லாமல் எந்த அரசாங்கமும் தடுக்க முடியாது, ஆட்சி நடத்துபவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது என்று மனைவிக்கும் மகளுக்கும் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு நடக்கும். மகள் சின்ன வயசில் சுவரில் கிறுக்கியபோதுகூட, அது கருத்துச் சுதந்திரத்தில் வருமா என்று யோசித்துவிட்டுத்தான் திட்டினார்.

அந்த மகளுக்குத்தான் இப்போது வேலை வந்திருந்தது. நாட்டின் இன்னொரு கோடியில் ஒரு துறைமுகம். கிரேன் ஓட்ட வேண்டும். வருவாளா மாட்டாளா என்று இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

"அதெல்லாம் வேணாம்" என்றார் டவாலி.

"ஏன்ப்பா?"

"வேணாம்னா வேணாம்."

"காரணம் சொல்லாம தடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது அரசாங்கத்துக்கு. இது வீடு."

"வீடு நாட்டுக்குள்ளதானே இருக்கு?"

டவாலி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். மாலை கழியும்வரை உள்ளேயே உட்கார்ந்துவிட்டால் வேலை தானாகக் கைநழுவிப் போய்விடும் என்பது திட்டம். சட்டம் தெரிந்தவர் போடுகிற திட்டமா இது என்று கேட்காதீர்கள். மகளைப் பெற்றவர் போட்ட திட்டம்.

பொறுத்துப் பார்த்த மனைவி, அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து கதவுக்கு முன்னால் நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, புருஷனுடைய இழுப்பு மாறாமல் கூப்பிட்டாள்.

"எதிர்வாதி, இந்தப் பொண்ணோட அப்பா..."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் மட்டும். இன்னொரு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சட்டைப் பித்தானைப் போட்டபடி ஓடிவந்து, "நான் வரணுமாம்மா?" என்று கேட்டார்.

"நீங்க போங்கண்ணே. எதிர்வாதி ஆஜராகல. பொண்ணு வேலைக்குப் போகலாம்."

தாழ்ப்பாள் படாரென்று திறந்தது. டவாலியின் தலைமுடி ஒன்றுகூட நனைந்திருக்கவில்லை.

"இது செல்லாது."

"அதைச் சொல்றது ஆட்சி நடத்துறவர் வேலை இல்லைங்க."

"மேல்முறையீடு பண்ணுவேன்."

"தாராளமா. என்ன காரணம் சொல்லப் போறீங்க?"

வாயைத் திறந்தார். அத்தனை வருஷம் கேட்ட வாதங்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"இவ போயிட்டா வீடு வெறிச்சோடிப் போயிடும். என்னால தாங்க முடியாது" என்றார். பக்கத்தில் நின்ற மனைவிக்கே அது பாதிதான் கேட்டது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதைக் காலையிலயே சொல்லியிருந்தா நான் தயங்கியிருப்பேன்ப்பா. நீங்க அப்பாவா பேசல. அரசாங்கமா பேசினீங்க."

"இப்பவாவது தயங்கேம்மா."

"தீர்ப்பு வந்தாச்சே" என்று போனை எடுத்தாள்.

டவாலி திரும்பிப் போய்க் குழாயை மூடினார். அந்தப் பக்கம் பேசுவது அவளுக்குச் சரியாகக் கேட்க வேண்டுமே.