இமைக்காமல் நின்ற இருவர்

அறுபதுகளின் கடைசியில் கிருஷ்ணகிரி அணையில் சினிமாப் படப்பிடிப்பு. நடிகையைப் படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பினால் மெட்ராஸ் என்னைக் கூப்பிடும் என்று என் போட்டோ ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு ஓடினேன். பிலிமில் ஒரு படத்துக்குத்தான் இடம் மிச்சம் இருந்தது.

வழியில் நாகரசம்பட்டிப் பெண் ஒருத்தி மறித்தாள். பக்கத்தில் பட்டாளத்துக் கணவன். லீவு முடிந்து அன்றே ஜோலார்பேட்டையில் ரயிலேற வேண்டியவன்.

“அண்ணா, எங்க ரெண்டு பேத்தையும் ஒண்ணு புடிங்க. இவரு போனா மூஞ்சியே மறந்துபோவுது.”

“மறந்தா உனக்கு நிம்மதிதான!” என்றான் அவன்.

மறுக்க வாய் வரவில்லை. பிலிமைத் தொடாமல் பிளாஷை மட்டும் மின்னவிட்டேன். எங்கள் தொழிலில் பலரும் செய்கிற தந்திரம்தான். இருவரும் இமைக்காமல் நின்றார்கள்.

மிச்சமிருந்த படத்தை நடிகைக்குக் கொடுத்தேன். அது அச்சாகி, மெட்ராஸும் கூப்பிட்டது.

நான் மெட்ராஸுக்குக் கிளம்பும் முன் அந்த நாகரசம்பட்டிப் பெண் படம் கேட்டு வந்தாள்.

“வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போச்சும்மா.”

“அய்யோ, உங்க பிலிமு வீணாப்போச்சே! விடுங்கண்ணா, அடுத்த லீவுல புடிச்சிக்கலாம்.”

அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

பிறகு எத்தனையோ நட்சத்திரங்கள் என் கேமராவுக்குச் சிரித்தார்கள். அடுத்த லீவுக்கு அவன் வந்தானா, பூட்டிய ஸ்டூடியோ முன் இருவரும் நின்றார்களா, தெரியாது. அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவளுக்கு?