கூலி என்று எழுதுங்கள்

பணம் வந்ததாக ஃபோன் டிங்கென்று ஒலித்தால் பூங்கோதை முதலில் வாசற்கதவைத்தான் பார்ப்பார். யாரும் இல்லையென்று தெரிந்த பிறகே திரைக்குக் கண் போகும். மத்திய அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் ஒப்பந்த மொழிபெயர்ப்பாளர். வெளியாள் வாங்கிவந்த சமோசாவைக்கூடத் தொட்டதில்லை. அந்தக் கை அறுபத்தொரு வயதில், முகம் தெரியாதவர்களிடம் ஆன்லைனில் கூலி வாங்கப் பழகுகிறது. லேசில் வருமா!

தில்லியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் தமிழ் பேசிவிடுவார்கள், படிக்கத்தான் வராது. ஊர் நிலத்துப் பத்திரம், அப்பா எழுதிய கடிதம், கோயில் வரி நோட்டீஸ் என்று எதையாவது படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பூங்கோதை அதை ஆங்கிலத்தில் எழுதித் தருவார். தொழில் தொடங்கிய மாதம் பணம் அனுப்பிய மூன்று பேருக்கும் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார், புண்ணியவதி. “ரெண்டு பக்கத்துக்கு என்னய்யா துட்டு?” நாலாவது ஆள் ஒரு வக்கீல். அவரிடம் வாங்கிக்கொண்டார். ஆனால் பணத்தோடு ‘கூலி’ என்று குறிப்பு எழுதினால்தான் ஆயிற்று என்று ஒரே அடம். “இல்லன்னா லஞ்சம் மாதிரில்லா இருக்கும்!”

இப்படிக் கூச்சப்பட அவருக்கு வசதி கிடையாது. கணவர் கலியமூர்த்தி விட்டுப்போன குடும்பப் பென்ஷன், தில்லி கோட்லாவில் இந்த ஒற்றை அறை வாடகைக்கே சரி. பெங்களூரில் இருக்கும் மகன் ப்ரசன்னா கெடு வைத்திருக்கிறான். “ஹோலி வரைக்கும் பாருங்கம்மா. செலவுக்கு வந்தா அச்சா, இருங்க. இல்லன்னா ஜல்தி கெளம்பி வந்துருங்க.” கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் இவருக்குத் தில்லியை விட மனமில்லை. கிட்வாய் நகரில் அவர்கள் குடியிருந்த பழைய அரசு குவார்ட்டர்ஸை இடித்து மாடிமாடியாய்க் கட்டியாகிவிட்டது. அந்த வழியாகப் பஸ்ஸில் போனால், தன் சமையலறை ஜன்னல் எங்கே இருந்தது என்று பக்கத்து சீட்காரிக்கு இன்றும் விரல் நீட்டிக் காட்டுவார். அவளும் பாவம், தலையாட்டுவாள்.

போன வாரம் கௌதமன் என்றொருவர் ஒரு கடிதம் அனுப்பினார். மறைந்த அவர் அம்மா, முப்பத்தெட்டு வருஷம் முன்பு கிட்வாய் நகரிலிருந்து ஊரிலிருக்கும் அக்காவுக்கு எழுதியது. ‘இங்கே குளிருக்கு இதமாக வெயில் வந்துவிட்டது. எல்லோரும் புல்லில் கயிற்றுக்கட்டில் போட்டுப் பட்டாணி உரிக்கிறோம். பால் பூத்தில் வரிசை நீளம். கௌதமன் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே தூங்கிவிட்டான்.’

பூங்கோதை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். அதே பால் பூத்தில், அதே வருஷங்களில் அவரும் நின்றவர்தான். எழுதியவளைத் தெரியாது, அந்த வெயிலைத் தெரியும். உடனே கௌதமனைக் கூப்பிட்டார்.

“என்னய்யா இது, எங்க ஜன்னல்ல நின்னு எழுதுன மாதிரில்லா இருக்கு! இதுக்குப் போய்த் துட்டு வாங்குவனா? மாட்டேன்.”

கௌதமன் கொஞ்சம் தயங்கினார். “ஆன்ட்டி, பெரியம்மா எடுத்து வெச்ச லெட்டர் இன்னும் நாப்பத்தாறு இருக்கு. பைசா வாங்கிக்கோங்க, ப்ளீஸ். ஃப்ரீன்னா அடுத்ததை அனுப்ப எனக்குக் கூச்சமா இருக்கும். அம்மா என்ன எழுதினாங்கன்னு தெரியாமலே போயிடும்.”

பூங்கோதை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தான் காசு வேண்டாமென்றால் ஒரு மகனுக்குத் தாயின் பேச்சு நின்றுபோகும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“ஒரு லெட்டருக்கு முந்நூறு,” என்றார், இதுவரை வாயில் வராத விலையை. “மொதல்ல பத்துக்கு அனுப்பிருய்யா. மிச்சத்தையும் மாசாமாசம் அனுப்பணும், என்ன?”

ஹோலிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மறுநாள் காலையில் பூங்கோதை தன் கனத்த ரஜாய்ப் போர்வையை மொட்டைமாடியில் வெயில் காட்டினார். சாயங்காலம் அதைத் தட்டி மடித்து, மடிப்புக்கு மடிப்பு நாப்தலீன் உருண்டை போட்டு, பழைய சேலையில் கட்டினார். பிறகு வீட்டுக்காரம்மாவிடம் ஸ்டூல் வாங்கி ஏறி, அடுத்த குளிருக்குச் சட்டென்று எடுக்க வாகாக, பரணில் முன்பக்கமாக வைத்தார்.