தறி நின்ற நாளில் அத்தை சொன்ன கதை

எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை கைபேசித் திரையில் கூடுகிறது. போன மாதம் என்ன படித்தோம், அடுத்த மாதம் என்ன படிக்கப்போகிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சென்ற கூட்டத்தில் ஓர் அம்மையார், மைக்கை அணைத்து வைத்ததை மறந்து, ஒரு நாவலை உருகி உருகி அலசி முடித்தார். எல்லோரும் பதறி, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. அவர் பேசியதில் ஒரு சொல்லைக்கூட நான் தவறவிட்டிருக்கவில்லை. குமாரபாளையத்தில் விசைத்தறிகளுக்கு நடுவே வளர்ந்தவளுக்குக் காது ஓர் உபரி உறுப்பு.

தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. ஆகவே யாரும் கத்துவதில்லை. உதட்டை அசைப்போம், எதிரில் இருப்பவர் படித்துக்கொள்வார். சாப்பிட்டாயிற்றா, யார் வீட்டில் சாவு, எல்லாம் அப்படித்தான். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். பின்னாளில் மின்சார அலுவலகத்தில் அந்த அறிவிப்பை நானே முறைப்படி தட்டச்சு செய்திருக்கிறேன். அதில் இலக்கியத்துக்கென்று ஒரு பத்தியும் கிடையாது. ஆனால் அந்த நாளில்தான் அப்பா எங்கள் தறிக்கூடத்தில் புத்தகக் கூட்டம் நடத்துவார்.

அந்த அமைதியைப் போலப் பயமுறுத்துவது வேறொன்றில்லை. தறி நின்றதும் தெருவிலுள்ள கைக்குழந்தைகள் எல்லாம் ஒன்றாக விழித்து அழும். பெரியவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்டுத் திடுக்கிடுவார்கள். பஞ்சுத்தூசி மட்டும், தறி இன்னும் ஓடுவதாக நினைத்துக்கொண்டு, காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

அப்பாவின் கூட்டத்துக்கு விதிகள் உண்டு. படிக்காமல் வந்தவர் டீ மட்டும் குடிக்கலாம். கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறவருக்கு அடுத்த மாதம் புத்தகம் கிடையாது. கடைசியாகப் பேசுவது எப்போதும் அத்தை. அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்தவர், என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல்குச்சியைத் தார் என்போம். பகலெல்லாம் தார் சுற்றியபடியே மடியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருப்பார். கொஞ்ச காலமாகக் கஞ்சி மட்டும் குடித்தார். முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். ஏதோ விரதம் என்று அம்மா முடிவுகட்டியிருந்தாள்.

அன்று அத்தை சொன்னது ஒரு பேய்க்கதை. பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் கூப்பிடுகிறாள். எட்டிப் பார்த்தால் தண்ணீர்கூட இல்லை. கூடம் மூச்சை அடக்கிக் கேட்டது. அந்தப் பெண்ணின் குரல், அறுவதற்கு முன் இழுபடும் நூலைப் போல, என் முதுகில் ஏறியது. எனக்கு அப்போது ஏழு வயது. இன்றும் அந்தக் குரல் நினைவிருக்கிறது. கேட்டே இராத குரல் எப்படி நினைவிலிருக்கும் என்பதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டின் புது மருமகன் அன்று முதன்முறையாக வந்திருந்தார். சூரமங்கலத்துக்காரர், ரயில்வேயில் குமாஸ்தா. அவர் நெளிந்தார்.

“ஏங்க, அவங்க ஏன் பேசாம வாயை மட்டும் அசைக்கிறாங்க?”

கூடமே சிரித்தது.

“மாப்ளைக்கு ரயில் ஊதி ஊதிக் காது போயிருச்சாட்ட இருக்குது,” என்றார் அப்பா.

“இல்லீங்க. சத்தமே வரலீங்க.”

“சத்தம் வராமத்தான் நாங்க இத்தன பேரும் கேட்டமாக்கு? அக்கா, மாப்ளைக்காக இன்னொருக்கா சொல்லுங்க. கதை எப்படி?”

அத்தை அந்த மாப்பிள்ளையையே பார்த்தபடி உதட்டை அசைத்தார்.

“புடிச்சுருச்சுங்கறாங்க,” என்றார் அப்பா.

“இல்லீங்க, முடிஞ்சுருச்சுன்னுதான் சொன்னாங்க,” என்றார் எங்கள் தறி ஓட்டுபவர்.

புடிச்சுருச்சு, முடிஞ்சுருச்சு, இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். புத்தகம் முடிந்ததைச் சொல்ல இவ்வளவு நேரமா என்று ஒருவர். முடிக்காமல் எப்படிப் பிடிக்கும் என்று இன்னொருவர். அத்தை மறுபடி சொன்னார். மறுபடி இரண்டு கட்சி. நடைமுறைப்படி கை தூக்கச் சொன்னார்கள், புடிச்சுருச்சு வென்றது. காதால் கேட்டிருந்தால் கை தூக்கவே தேவை இருந்திருக்காது என்பது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மாப்பிள்ளை எழுந்து அத்தையிடம் போனார். “டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?” என்றார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

“அட உடுங்க மாப்ள, டீ ஆறுது,” என்று அப்பா அவரை இழுத்துவந்து உட்காரவைத்தார்.

வரும் மாதத்துக்கு என்ன புத்தகம் வேண்டும் என்ற கேள்விக்கு அத்தை தலையை மட்டும் ஆட்டினார். இருந்ததிலேயே பருமனான நாவலை அப்பா அவர் மடியில் வைத்தார். அதில் ஒரு பக்கமும் புரளவில்லை.

கஞ்சியும் உள்ளே இறங்காமல் போன பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் தொண்டையைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். குரல் போய் எத்தனை நாளாயிற்று என்று கேட்டார்.

அப்பா கொஞ்சமும் தயங்கவில்லை. “நேத்துக்கூட நல்லாப் பேசிட்டிருந்தாங்களே, டாக்டர்,” என்றார். சொன்ன பிறகு வாயை மூட மறந்து நின்றார்.

எனக்கோ டாக்டர் மேல்தான் எரிச்சல். பேருந்தில் வழியெல்லாம் அத்தை என்னோடு பேசிக்கொண்டுதான் வந்தார். இப்போதும் கட்டிலில் படுத்தபடி என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கவில்லையென்றால் குறை யாருடையது? செவிடருக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொன்னேன்.

“வர்ற மாசக் கூட்டத்துல எனக்குப் பதிலா இந்தச் சாமி பேசட்டும்ங்கறாங்க.”

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டத்தில் குழந்தைகள் பேசக் கூடாது. அந்த விதியை அத்தை உடைத்துவிட்டதால்தான் கோபம் என்று நினைத்தேன். அத்தை மனம் மாறுவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று, அவர் முகத்தருகே குனிந்து, எந்தப் புத்தகம் என்று கேட்டேன்.