வெட்டி ஒட்டிய நாடா

எங்கள் இதழியல் துறைக்கு ஸ்டுடியோ வந்தது என்று சொன்னால், அந்தச் சொல்லே கொஞ்சம் ஜாஸ்தி. பழைய விடைத்தாள்கள் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, சுவரில் தேங்காய் நார் பாயையும் முட்டை அட்டையையும் ஒட்டி, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். அந்தப் பக்கம் மைக், இந்தப் பக்கம் பெரிய ஸ்பூல் ரெக்கார்டர். ஏசி உறுமும் என்பதால் பதிவு நடக்கும்போது அதை அணைத்துவிடுவோம். சென்னை வெயிலில் முதுகு நனைய உட்கார்ந்து, குளுகுளு குரலில் செய்தி வாசிக்க வேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். கோயிலுக்குக்கூட நான் அத்தனை பயபக்தியோடு போனதில்லை.

அங்கே பதிவு செய்வது எதுவும் வானொலியில் வராது. மதிய இடைவேளையில் துறைத் தாழ்வாரத்தில் இருந்த ஒலிபெருக்கியில் போடுவார்கள். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே யாராவது காது கொடுத்தால் உண்டு.

ஒலிப்பதிவு சொல்லித்தந்த ஆசிரியர் வானொலியில் வேலை பார்த்தவர். பேச்சில் இடைவெளி விழுந்தால் அவருக்குப் பிடிக்காது. "சத்தம் நின்னா ரேடியோ ரிப்பேர்னு நினைச்சு அணைச்சுடுவான்" என்பார். பேட்டியில் ஆள் தயங்கும் இடத்தை ஒலிநாடாவில் பென்சிலால் குறித்து, பிளேடால் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்ட வேண்டும். வெட்டியது காதுக்குத் தெரியக் கூடாது. இந்த வேலை எனக்கு நன்றாக வந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. எங்கள் ஆட்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு, கள்ளக்குறிச்சிப் பக்கம் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கேட்டது நியாயம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். ஆனால் வகுப்பில், "உங்க ஊர்ல மரம் ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிறவர்களிடம் என்ன பேசுவது என்று வாயை மூடிக்கொள்வேன்.

ஊர்ப்பக்கம் போய் ஒரு குரலைப் பதிவு செய்துவரச் சொன்னார் ஆசிரியர். துறையின் கேசட் ரெக்கார்டரை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். மலைக்கார மாமாவின் மகள் பிரசவத்தில் இறந்துவிட்டாள் என்று அம்மா சொன்னாள். வெள்ளிமலைப் பக்கத்து ஆள் அவர். கடுக்காயும் புளியும் கொண்டு சந்தைக்கு இறங்கும்போது எங்கள் வீட்டில்தான் மூட்டையை வைப்பார். அப்பாவும் அவரும் ஒரே பொட்டலத்து வெற்றிலையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். துக்கம் கேட்க அப்பாவைக் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்றார். நான் மட்டும் பஸ் ஏறினேன்.

மாமா என் பையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "இதுல பேசுனா கீழ இருக்கறவங்களுக்குக் கேக்குமா பாப்பா?" என்றார். தாழ்வாரத்து ஒலிபெருக்கியை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. ரேடியோவில் வராது, காலேஜில்தான் போடுவார்கள் என்று சொன்னேன்.

"யாராச்சும் ஒருத்தர் கேட்டாக்கூடப் போதும். போடு."

பொத்தானை அழுத்தினேன்.

"வலி எடுத்துச்சி, ஜீப்புல ஏத்திக்கினு எறங்குனோம். அடிவாரத்துல ரோட்டுக்குக் குறுக்க புளியமரம் கெடக்குது. ஜீப்பு போவல. பக்கத்து வூட்ல கட்டுலு வாங்கி அதுல படுக்க வச்சித் தூக்கியாந்தோம். மரத்தத் தாண்டவே நேரமாயிடுச்சி. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டா."

"மரத்தாண்ட யாரு நின்னுக்கினு இருந்தாங்க மாமா?" என்று கேட்டேன்.

அவர் பேசவில்லை. சாமைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கோ ஒரு சேவல் கூவியது. வெகுநேரம் கழித்து, "ஒங்க அப்பா நல்லாருக்காரா பாப்பா?" என்றார். பாவம், மனசு தாங்காமல் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். நல்லாருக்காரு மாமா என்று சொல்லிவிட்டு ரெக்கார்டரை நிறுத்தினேன்.

ஸ்டுடியோவில் அதை ஸ்பூலுக்கு மாற்றிப் போட்டுக் காட்டினேன். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நல்லா வந்திருக்கும்மா. அந்த இடைவெளியை மட்டும் எடுத்துடு" என்றார். குறித்தேன், வெட்டினேன், ஒட்டினேன். சேவலும் சேர்ந்து போய்விட்டது. ஒட்டு சரியாக இருக்கிறதா என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன்.

"மரத்தாண்ட யாரு நின்னுக்கினு இருந்தாங்க மாமா?"

"ஒங்க அப்பா நல்லாருக்காரா பாப்பா?"

திரும்பவும் ஓடவிட்டேன். அடுத்தடுத்து அப்படித்தான் கேட்டது. ஆசிரியர் ஹெட்போனை வாங்கிக் கேட்டுப் பார்த்து, "வெட்டினதே தெரியல" என்றார். துக்கம் கேட்க அப்பா ஏன் வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அப்பா மேல் வந்த கோபம் மாமா மேலும் கொஞ்சம் திரும்பியது. பேர் சொல்லித் திட்டியிருந்தால் நானும் அப்பாவுக்காகச் சண்டை பிடித்திருப்பேன். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் மதியம் தாழ்வாரத்தில் அது ஒலித்தது. வழக்கமாகச் சிரிக்கிறவர்கள் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன், "இது எந்த ஊர்த் தமிழ்?" என்று கேட்டான். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரமே வெட்டாத கேசட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரெக்கார்டரை வைத்து ஓடவிட்டேன். மாமாவின் குரல் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார், ஆனால் கை நிற்கவில்லை. என் கேள்வி வந்தது. அப்புறம் அந்த இடைவெளி வந்தது. கை நின்றது. சேவல் கூவியது. மாமா அவரை விசாரித்தார். சந்தோஷமான என் குரல் பதில் சொல்லிவிட்டு நின்றது.

அப்பா உரித்த கடலைத் தோலைக் கூட்டி ஒதுக்கினார்.

"கட்டுலப் பாத்ததும் நாங்கதான் கெளைய இழுத்து வழி வுட்டோம்" என்றார். "அவரு என்னிய ஒரு வார்த்த கேக்கல. மூஞ்சியப் பாத்தாரு, போயிட்டாரு."

பிறகு ரெக்கார்டரைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்.

"அவருதான் கேட்டாரு, சரி. நீ ஏம்மா நல்லாருக்காருன்னு சொன்ன?"