கும்பிட்டவர்களும் கத்திய தங்கையும்

மலேசியாவில், செனாய் ஊர் ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்யும் தோழி விற்ற, உடம்பு மெலிவதற்கான மாத்திரையை, தைப்பூச விரதத்திலும் விடாமல் விழுங்கினேன். தங்கைக்கு மட்டும்தான் தெரியும். பால்குடத்தோடு நடக்கையில் நெஞ்சு படபடத்து, உடம்பு உதறி, கீழே சாய்ந்தேன். "அருள் வந்துருச்சு!" என்று திருநீறு பூசிக் கும்பிட்டார்கள்.

"அலமாக், ஐயையோ! அருள் இல்ல, மாத்திரை! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!" என்று தங்கை கத்தியதால் பிழைத்தேன்.

பிறகு தோழி மேல் வழக்குப் போடலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். "மாத்திரை டப்பா எங்கம்மா? என்ன சாப்பிட்டீங்கன்னு காட்டணுமே" என்றார். வீட்டுக்காரர் கண்ணில் படக்கூடாதென்று அதை எப்போதோ குப்பையில் போட்டிருந்தேன். தோழியோ, விற்கவே இல்லை என்கிறாள்.

இப்போதெல்லாம் டாக்டரைக் கேட்காமல் எதையும் விழுங்குவதில்லை, டப்பாவையும் எறிவதில்லை. இந்த வருடம் பால்குடம் தூக்குமுன் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "நான் விழுந்தா கும்பிடாதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."