முப்பத்தொன்றாவது சுற்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைச் சாமான் பட்டியலும் கல்யாணப் பத்திரிகைக் கவரில் பெயரும்தான். மறதி வேறு. காலை மாத்திரை போட்டாயா என்று கேட்டால் டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்கிறேன். அதனால் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கைப்பேசியில் சார்ஜ் ஏறவில்லை. ஈப்போவில் பழைய மார்க்கெட் பக்கம் ஒரு சீனப் பெண் கடை வைத்திருக்கிறாள். "துங்கு செக்கெஜாப், ஆன்ட்டி" என்று மலாயில் என்னைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஈயம் பற்றவைத்தாள். புகை ஒரு நூல் அளவுதான் எழுந்தது. சாமி அறையில் சாம்பிராணி போட்டுவிட்டுப் பக்கத்திலேயே ஒயரைக் கொளுத்தின மாதிரி ஒரு வாசம். இருபது வயதில் என் தலைமுடியிலும் சட்டையிலும் இந்த வாசம்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு மட்டும் அது நல்ல வாசமாகவே இருந்தது.

அப்போது நான் ஈப்போவுக்கு வெளியே கம்பிச்சுருள் செய்யும் ஒரு காயில் கம்பெனியில் வேலை பார்த்தேன். நீலச் சட்டை போட்ட பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியைப் பிளாஸ்டிக் உருளையில் சுற்றுவோம். கம்பி நுனியை ஓர் ஆணியில் மாட்டி, காலால் மிதித்தால் உருளை சுழலும். எதிரே சின்னக் கண்ணாடிக்குள் எண் ஓடும். கம்பி கிளம்பின இடத்துக்கு முழுசாகத் திரும்பி வந்தால்தான் அது ஒன்று என்று காட்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், மூன்று வருடம் இப்படி எண்ணினால் அது உடம்பிலேயே ஊறிவிடுகிறது. இன்றைக்கும் மாடி ஏறும்போது முதல் படியை நான் எண்ணுவதில்லை.

வார நாளெல்லாம் ஈப்போவில் நான்கு பெண்களோடு ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்குப் போய்விடுவேன். அப்பா, அம்மா இருவரும் அங்கே ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார்கள். ஒரு ஞாயிறு நான் போய் இறங்கும்போதே அப்பா எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒன்னைக் கிராணியாரு கூப்பிடுறாரு. என்ன தப்பு செஞ்சே?"

கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்கர். எங்கள் கிராணியார் சிலோன்காரர், செல்லத்துரை என்று பெயர். அவர் கூப்பிட்டு அனுப்பினால் அது திட்டுவதற்குத்தான் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். நானும் பயந்துகொண்டுதான் போனேன். எங்கள் ஆட்கள் அந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போவார்கள், போனாலும் நின்றபடியே பேசிவிட்டு வந்துவிடுவார்கள். நானும் பின்வாசலில் நின்றேன்.

"இஞ்ச வாரும் பிள்ளை. கதிரையில இரும்" என்றார் அவர்.

உள்ளே வந்தும் நின்றுகொண்டே இருந்தேன். அவர் மனைவி கிராணியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இரும் எண்டால் இரும். அவர் பிறகு கோவிப்பார்" என்றார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு முழுக்க நுனியிலேயே உட்கார்ந்திருந்ததால், எழுந்தபோது ஒரு கால் மரத்துப்போய் நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னென்னமோ கேட்டது தனிக் கதை.

விஷயம் இதுதான். கிராணியார் பரீட்சை எழுதி, சொந்தமாக ரேடியோ அனுப்பவும் கேட்கவும் அனுமதி வாங்கியிருந்தார். அந்தத் தாள் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. ரேடியோ செய்யும் சாமான்களை ஒரே பெட்டியாக வெளிநாட்டிலிருந்து கப்பலில் தருவித்திருந்தார். துளை போட்ட தகடு, பொடிப் பொடிப் பைகளில் சாமான்கள், ஓர் ஆங்கிலப் புத்தகம். எல்லாம் வந்து ஒரு வருடம் ஆகியும் அப்படியே இருந்தன. அவருக்குக் கை நடுங்கும். அதிலும் நான்கு இரும்பு வளையங்களில் செம்புக் கம்பி சுற்ற வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததைப் பார்த்ததும் பெட்டியை மூடிவிட்டாராம்.

"பெட்டியைப் பாத்துக்கொண்டே இருந்தால் ரேடியோ பேசுமோ?" என்று கிராணியம்மா தினமும் கேட்பாராம். காயில் சுற்றத் தெரிந்த பெண் தன் தோட்டத்திலேயே இருக்கிறாள் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் யாரோ சொல்லித்தான் எனக்கு ஆள் அனுப்பினார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவர் புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொல்ல, நான் வைத்து ஈயம் பற்றினேன். கம்பெனியில் கீழே விழுந்த சாமானைத் தொடக்கூடாது, கூட்டித் தள்ளிவிட்டு வேறு எடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், மிளகு அளவு சாமான் ஒன்று விழுந்தபோது நான் பாட்டுக்கு அடுத்ததுக்குக் கை நீட்டினேன். "ஐயோ பிள்ளை, அது ஒண்டே ஒண்டுதான்" என்று கிராணியார் மேசைக்கு அடியில் தவழ்ந்தார். தோட்டமே பயப்படும் மனிதர் நாலு காலில் தவழுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை மறைக்க நானும் கீழே உட்கார்ந்து தேடினேன். கிராணியம்மா அடுப்படியில் தாராளமாகச் சிரித்தார்.

வளையம் சுற்றும் நாள் வந்தது. அவருக்குத்தான் படபடப்பு, எனக்கு இல்லை. அது என் தொழில். "நாலாவதுதான் முக்கியம். அதில முப்பது. ரேடியோ எந்த இடத்தில பேசுறது எண்டதை அதுதான் தீர்மானிக்கும்" என்றார். நான் கம்பியை வளையத்தின் துளைக்குள் நுழைத்தேன். வெளியே கொண்டுவந்து, திரும்பத் துளைக்குள் நுழைத்தபோதுதான் ஒன்று என்றேன். அப்படியே முப்பது வரை. அவர் ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை.

கடலோரத்தில் லூமுட் என்ற ஊரில் அவருக்கு ஒரு சிநேகிதர், மாணிக்கம் என்று பெயர். படகு மோட்டார் பழுது பார்ப்பவர். சின்ன வயதில் இருவரும் ஒரே பள்ளி. அவரிடமும் ரேடியோ இருந்தது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, பேசிவைத்த இடத்தில் முள்ளை நிறுத்தி அவர் காத்திருப்பது, இவர் இங்கிருந்து தட்டுவது என்று கடிதத்தில் ஏற்பாடு. வாயால் பேசுவது அல்ல, தந்தி ஆபீசில் போல விரலால் கட்டையைத் தட்டிப் பேசுவது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு பால்மரத்துக்கு நீளமாகக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

முதல் ஞாயிறு கிராணியார் அரை மணி நேரம் தட்டினார். பதில் இல்லை. இரண்டாவது ஞாயிறும் இல்லை. பக்கத்திலிருந்த பழைய கடை ரேடியோவில் இவர் தட்டுவது கேட்டது, ஆனால் முள் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியிருந்தது. "இதிண்ட முள்ளை இழுக்கிற கயிறு தளந்துபோச்சு" என்று அந்தப் பழைய ரேடியோவைக் குற்றம் சொன்னார்.

மூன்றாவது ஞாயிறும் இல்லை என்றதும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அதற்குக் காரணமும் இருந்தது. தோட்டம் கைமாறிவிட்டது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஈப்போவில் வாங்கியிருந்த வரிசை வீட்டில் அவ்வளவு நீளக் கம்பி கட்ட இடம் கிடையாது. மிச்சம் இருந்தது ஒரே ஞாயிறு.

"ஏன் வேலை செய்யேல்ல? எல்லாத்தையும் பாத்துப்போட்டன்" என்றார்.

"அந்த வளையங்களையும் பாருங்கோவன்" என்றார் கிராணியம்மா.

"அதைப் பாக்கத் தேவையில்லை. அது இந்தப் பிள்ளை சுத்தினது. மாணிக்கம்தான் கேக்கிறதில்ல. நாலு மணிக்கு நித்திரை கொள்ளுவான்." அன்றைக்கே லூமுட்டுக்குக் கடிதம் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. உறையை ஒட்டிய வேகத்தைத்தான் பார்த்தேன்.

எனக்கு என் எண்ணிக்கை மேலேயே சந்தேகம் வந்தது. செவ்வாயோ புதனோ, கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் என் கைவளையலைக் கழற்றி, அதற்குள் ஒரு நூலை ஒரு தடவை நேராக விட்டு, எங்கள் வரிசைக்கு மேலாளாக இருந்த, நாங்கள் 'காக்' என்று கூப்பிடும் மலாய் அக்காவிடம் காட்டினேன். இது எத்தனை சுற்று என்று கேட்டேன்.

"சத்து லா" என்றாள். ஒன்றுதான்.

"இன்னும் திரும்பி வரலியே, காக்?"

"மெஷின் வேற, வளையம் வேற லா" என்று மலாயில் சொல்லிவிட்டு அவள் சோற்றைப் பிசைந்தாள். வளையத்தில் கம்பி துளையை ஒரு தடவை கடந்தாலே அது ஒன்றாம். நான் முப்பது என்று எண்ணி முப்பத்தொன்று சுற்றியிருக்கிறேன். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். கம்பி கூடினால் ரேடியோ பேசும் இடம் கீழே இறங்கிவிடும். அவர் தட்டினதெல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, வேறு தெருவுக்கு. மற்ற மூன்று வளையங்களும் அப்படித்தான். ஆனால் அவற்றுக்குத் திருகிச் சரிசெய்யும் திருகாணி இருந்தது, சமாளித்துக்கொண்டன.

கடைசி ஞாயிறு சீக்கிரமே போய்விட்டேன். கிராணியார் வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாகிவிட்டது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: ஐயா, தப்பு என்னோடது. அவர் முகத்தைப் பார்த்ததும் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஐயா, நாலாவது காயில் கொஞ்சம் லூசா இருக்கு. கழட்டி இறுக்கி வைக்கட்டுங்களா?"

"உமக்குத் தெரியாததோ? செய்யும், செய்யும்" என்று அவர் வெளியே கம்பியைப் பார்க்கப் போய்விட்டார்.

கழற்றினேன், ஒரு சுற்றை உருவினேன், மிச்சத்தை வெட்டினேன், மறுபடி பற்றவைத்தேன். வெட்டின துண்டு விரல் நீளம் கூட இல்லை, தரையில் விழுந்தது. கூட்ட வந்த கிராணியம்மா அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கூடிப்போச்சோ?"

தலையை ஆட்டினேன்.

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இப்ப சொல்லாதேயும். உம்மைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிப்போட்டார். முதல்ல பேசட்டும்." துண்டைக் குப்பையோடு அள்ளிக்கொண்டு போனார்.

நான்கு மணிக்குத் தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார். இரைச்சலுக்கு நடுவில் குருவி கத்துவது போல ஏதோ வந்தது. கிராணியார் பென்சிலை எடுத்தார். நடுங்குகிற கைதான், ஆனால் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டே போனார். தாள் நிறைந்ததும் சுவரில் எழுதினார், எப்படியும் விட்டுவிட்டுப் போகிற வீடுதானே.

முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தார். "கேக்குதாம். நல்லாக் கேக்குதாம்." பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "ஆள் இண்டைக்குத்தான் நித்திரையால எழும்பி இருக்கிறான்" என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. ஈயக்கோலின் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஈப்போ வீட்டில் பூசை வைத்தார்கள். கிராணியம்மா என்னை உதவிக்குக் கூப்பிட்டிருந்தார். லூமுட்காரரும் மனைவியோடு வந்திருந்தார், கையில் ஒரு பை நிறைய கருவாடு. குள்ளமான மனிதர், நகத்தில் எண்ணெய்க் கறுப்பு. அன்றைக்குத்தான் அவரை முதலில் பார்த்தேன். கிராணியார் வந்தவர்களிடமெல்லாம், "மூண்டு ஞாயிறு நித்திரை கொண்ட ஆள் இவர்தான்" என்று அறிமுகம் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நாலாவது தடவை சிரிக்கவில்லை.

"நான் உக்காந்துதான்டா இருந்தேன். சொன்ன எடத்துலேருந்து முள்ளு அசையலே. வேணும்னா இவளைக் கேளு."

"பெண்சாதி வேற என்ன சொல்லுவா, மாணிக்கம்?"

அந்த அம்மாள் கீழே பார்த்தபடி, "என்னைக் காப்பி கூட போட வுடலண்ணே, சத்தம் வரும்னு" என்றார். யாரோ அதற்கும் சிரித்தார்கள். நான் காப்பித் தட்டோடு நடுவில் நின்றேன். கிராணியம்மா என்னைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கொடுத்தேன், லூமுட்காரருக்கும் கொடுத்தேன். "நன்றிம்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஈப்போ பக்கம் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. இதனால்தானா, வேறு காரணமா, தெரியாது. அவர், கிராணியார், கிராணியம்மா மூவருமே இப்போது இல்லை. நித்திரைக் கதையைக் கிராணியார் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அந்தத் தோட்டத்து வீட்டை இடித்துவிட்டார்கள், சுவரில் எழுதினதும் அதோடு போயிற்று. பால்மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, செம்பனையும் போய் இப்போது அங்கே வரிசை வீடுகள். காயில் கம்பெனி வேறு நாட்டுக்குப் போய்விட்டது, கட்டடத்தில் மெத்தை விற்கிறார்கள். ரேடியோவைப் பிள்ளைகள் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்க எனக்குக் கூச்சம்.

ரேடியோ தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். வளையத்தில் முப்பதா, வேறு எண்ணா, ஒரு சுற்று கூடினால் எவ்வளவு தூரம் தள்ளிப்போகும், மாதம், கிழமை, எல்லாவற்றிலும் நான் தப்பு விட்டிருக்கலாம். எங்கே வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள். லூமுட்காரர் அந்த மூன்று ஞாயிறும் உட்கார்ந்திருந்தார். அதை மட்டும் திருத்த வேண்டாம்.